காலிக் கட்டத்துக்கு மார்க் இல்லை

ஜன்னலை மூடாதீர்கள். எனக்குக் காற்று வேண்டும்.

மடியில் என்ன, மிக்ஸியா? காலடியில் வையுங்கள். என் முழங்கையில் இடிக்கிறது. ஆங், அப்படி.

நீங்கள் பனையடிப்புதூர்க்காரரா? அங்கே ஏறினீர்களே என்று கேட்டேன். இல்லையா? மிக்ஸி ரிப்பேருக்கு வந்தீர்களா? சரி. அப்படியென்றால் பேசலாம். அந்த ஊர்க்காரர் என்றால் எழுந்து பின்சீட்டுக்குப் போயிருப்பேன்.

கோபமா? எனக்கென்ன கோபம். மணி என்ன? மூன்றரையா? என் வாட்சும் அதைத்தான் சொல்கிறது. சும்மா கேட்டேன்.

நான் கணக்கு வாத்தியார். ரிட்டயர் ஆகிப் பல வருஷம். பொதுத்தேர்வு விடைத்தாள் திருத்தும் முகாமுக்கு நான் போகாத வருஷம் கிடையாது. நான் திருத்திய தாளில் மறுகூட்டல் கேட்டு யாரும் ஜெயித்ததும் கிடையாது. திருத்துகிறவனுக்கு இரண்டே சட்டம். ஒன்று, எழுதியதற்கு மார்க், எழுதாததற்கு முட்டை. தப்பாக எழுதியிருந்தாலும் ஸ்டெப்புக்கு அரையோ ஒன்றோ உண்டு. காலியாக விட்டால் கிடையாது. இரண்டு, எழுதினவன் யார் என்று திருத்துகிறவனுக்குத் தெரியக்கூடாது. திருத்துகிறவன் யார் என்று எழுதினவனுக்கும் தெரியக்கூடாது. அதற்குத்தான் டம்மி நம்பர். தெரிந்தால் வீடு தேடி வந்துவிடுவான், அழுவான், வாழைத்தார் கொண்டு வருவான். வேண்டாத வேலை.

இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், சொல்கிறேன், அவசரப்படாதீர்கள். நான்தான் அவசரப்படுகிறேனா? இருக்கட்டும்.

இந்த நகராட்சி, பேரூராட்சி எல்லாம் தங்கள் விவரங்களை ஜனங்கள் பார்க்கிற மாதிரி இன்டர்நெட்டில் போட வேண்டும் என்று இருக்கிறது, தெரியுமா? தெரியாதா? யாருக்கும் தெரியாது. எந்தத் தெருவில் எப்போது தண்ணீர் திறந்தார்கள், அந்தத் தண்ணீரில் குளோரின் எவ்வளவு, எந்தத் தெருவிளக்கு எரியவில்லை, குப்பை டெண்டர் யாருக்குப் போனது. திறந்த தரவு என்று பெயர். வெளிப்படையாக இருக்கிறார்களாம். சென்னையில் ஒரு அமைப்பு, அந்தத் தளங்களையெல்லாம் பார்த்து ஊர் ஊராக மார்க் போடுகிறது. என் பழைய மாணவன் ஒருத்தன் அதில் இருக்கிறான். "சார், உங்க மாவட்டத்தை நீங்க பாத்துக் குடுங்க சார், உங்களை விட்டா கறாரா மார்க் போட ஆளு கிடையாது" என்றான். உண்மைதானே. ஒப்புக்கொண்டேன்.

மார்க் போட்டவர்கள் பெயரையும் வெளியிடுகிறோம் என்றார்கள். கூடவே கூடாது என்றேன். என் பெயர் வெளியே வந்தால் நான் மார்க் போட மாட்டேன் என்றேன். போனில் ஒருத்தி, "வெளிப்படைத்தன்மைக்கான ஆய்வு சார் இது" என்று இழுத்தாள். "அம்மா, நான் திருத்திய தாள் எத்தனை என்று உனக்குத் தெரியுமா?" என்றேன். பெயர் போடவில்லை.

கேள்வித்தாள் மாதிரி ஒன்று அனுப்பினார்கள். தினமும் புதுப்பிக்கிறார்களா? எல்லாக் கட்டமும் நிரம்பியிருக்கிறதா? டவுன்லோடு ஆகிறதா? தமிழில் இருக்கிறதா? ஒவ்வொன்றுக்கும் இத்தனை மார்க். சுத்தமான வேலை. பிடித்திருந்தது.

ஆவரங்குறிச்சி நகராட்சிக்கு மாவட்டத்திலேயே முதல் மார்க். என் ஊர் என்று போடவில்லை. ஒரு கட்டம் காலி இல்லை ஐயா. தண்ணீர் பக்கத்தைத் திறந்தால் புள்ளி ஐந்து, புள்ளி ஐந்து, புள்ளி ஐந்து என்று முத்து முத்தாக இறங்கும். குளோரின் அந்த அளவு இருந்தால் தண்ணீர் நல்ல தண்ணீர். படித்த பிள்ளை எழுதிய தாள் மாதிரி இருந்தது.

பனையடிப்புதூர் பேரூராட்சி கடைசி. கட்டத்துக்குக் கட்டம் காலி. பக்கத்தில் குறிப்பு வேறு. 'சோதனை மருந்து தீர்ந்துவிட்டது, பார்க்கவில்லை.' 'மழை, போக முடியவில்லை.' ஒரு நாள், 'பார்த்தோம், மிகக் குறைவு, இன்று காய்ச்சாமல் குடிக்க வேண்டாம்.' பரீட்சைத் தாளில் 'சார், எனக்குக் காய்ச்சல்' என்று எழுதி வைப்பான்களே, அந்த மாதிரி. முட்டை, முட்டை, முட்டை. யார் எழுதினார்கள் என்று எனக்குத் தெரியாது. தெரியவும் கூடாது.

கண்டக்டர், டிரைவரிடம் கொஞ்சம் வேகமாகப் போகச் சொல்லப்பா. இல்லை, வேண்டாம். இப்படியே போகட்டும்.

பகவதி என்று எனக்கு ஒரே மகள். ஆவரங்குறிச்சியில் அவள் வீட்டில்தான் நான் இருக்கிறேன். மருமகன் நூல் மில்லில் வேலை. குழாய்த் தண்ணீரை அவள் காய்ச்சித்தான் வைப்பாள். எனக்கு அது பிடிக்காது. ருசி போய்விடும். கேஸும் வீண். "உலகத்துக்கே தெரிகிற மாதிரி தினமும் போடுகிறான். நானே மார்க் போட்டிருக்கிறேன். ஏன் காய்ச்சுகிறாய்?" என்றேன்.

"அப்படியே குடிக்கலாமாப்பா?" என்றாள்.

"குடி" என்றேன்.

அடுப்பை அணைத்துவிட்டாள். சின்ன வயசிலிருந்தே அப்படித்தான். நான் சொன்னால் சரி.

மஞ்சள்காமாலை. இவளுக்கு மட்டுமா, தெருவில் பல வீட்டில் வந்தது. ஆஸ்பத்திரியில் படுக்க வைத்து டிரிப்ஸ் ஏற்றினார்கள். கண்ணெல்லாம் மஞ்சள். சோற்றைக் காட்டினால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நானும் அதே தண்ணீரைத்தான் குடித்தேன், எனக்கு ஒன்றும் வரவில்லை. டாக்டர் பையன், "உங்களுக்குச் சின்ன வயசிலயே வந்து போயிருக்கும் தாத்தா" என்றான். நான் கேட்கவில்லை, அவனாகச் சொன்னான்.

நேரே நகராட்சிக்குப் போனேன். சும்மா விடுவேனா? தண்ணீர் செக்‌ஷனில் ஒருத்தன் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். "தினமும் புள்ளி ஐந்து என்று போட்டிருக்கிறாய், எப்படிக் காமாலை வந்தது?" என்று கேட்டேன். சிரித்தான்.

"சார், அது இழுத்து விட்டது."

"என்ன இழுத்து விட்டது?"

"ஒண்ணாம் தேதியில புள்ளி அஞ்சுன்னு அடிச்சி, மவுஸைப் பிடிச்சி அப்படியே கீழ இழுத்தா மாசம் பூரா ரொம்பிரும். வெறுங்கட்டமா விட்டா மேலருந்து வையுதாங்க. அதுக்காவ தினம் தினம் தெருக்கோடிக்குப் போயி மருந்துச் சொட்டு விட்டுப் பாத்துட்டு இருக்க முடியுமா? நீங்க சாப்பிடுதீங்களா? புளியோதரை."

நான் சாப்பிடவில்லை.

ஆஸ்பத்திரியில் வந்து சொன்னேன். பகவதி படுத்துக்கொண்டே போனை எடுத்து அந்தப் பக்கத்தைத் திறந்து விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். "ஜூனுக்கு ஏதுப்பா முப்பத்தொண்ணாந் தேதி?" என்றாள்.

வாங்கிப் பார்த்தேன். இருந்தது. ஜூன் முப்பத்தொன்று, புள்ளி ஐந்து. இழுத்தவன் ஒரு கட்டம் கூடுதலாக இழுத்துவிட்டான்.

"நீங்க பாக்கலியாப்பா?"

கட்டம் நிரம்பியிருக்கிறதா என்று கேட்டிருந்தார்கள். நிரம்பியிருந்தது. மார்க் போட்டேன். சரியான விடையா என்று ஒரு கேள்வி தாளில் இருந்தால் அல்லவா நான் பார்ப்பேன்? கேள்வித்தாள் எடுத்தவன் தப்பு அது. என்ன ஐயா அப்படிப் பார்க்கிறீர்கள்? நீங்கள் என்றால் என்ன செய்திருப்பீர்கள்? சும்மா தலையை ஆட்டாதீர்கள்.

பிறகு அவள் கேட்டாள், "ஆகக் கம்மியா மார்க்கு வாங்கினது எந்த ஊருப்பா?" சொன்னேன். அந்த ஊர்ப் பக்கத்தையும் திறந்தாள். மருந்து தீர்ந்துவிட்டது, மழை, போக முடியவில்லை. ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்தாள். படிக்கப் படிக்கச் சிரித்தாள். படுத்த பிறகு அன்றைக்குத்தான் முதலில் சிரித்தாள். "இந்த ஊருக்கே குடி போயிரலாம்பா. அவுகளுக்கும் மில்லு பக்கம்" என்றாள். அவுக என்றால் மருமகன்.

நான் எவ்வளவோ சொன்னேன். கடைசி மார்க் வாங்கிய ஊருக்கா? பிடிவாதம். ஒரு வீடும் போனிலேயே பேசி வைத்துவிட்டாள். "நீங்க போயி வீட்டைப் பாருங்க. அப்படியே ஆபீசுக்குப் போயி, இதை எழுதுதவுககிட்ட இப்ப தண்ணி எப்படின்னு கேட்டுட்டு வாங்க" என்றாள். கூடவே ஒன்று சொன்னாள். "நீங்கதான் மார்க் போட்டீங்கன்னு சொல்லிருங்கப்பா." நான் குடையைத் தேட ஆரம்பித்தேன்.

இன்றைக்குக் காலையில் வந்தேன். வீடு பரவாயில்லை. கொல்லையில் முருங்கை நிற்கிறது. அப்புறம் பேரூராட்சி ஆபீஸ். கம்ப்யூட்டருக்கு முன்னால் ஒரு பெண். ஜெபக்கனி என்று பெயர். ஒப்பந்த வேலை. மேஜையைக் காலி பண்ணிக்கொண்டிருந்தாள். தண்ணீர் டம்ளர், நாற்காலி குஷன், போன் சார்ஜர். மூன்றையும் ஒரு துணிப்பையில் திணித்துக்கொண்டிருந்தாள்.

"சர்ச் தெருவில் வீடு பார்த்திருக்கிறோம். தண்ணீர் எப்படி?" என்று கேட்டேன்.

"செவ்வாக்கிழமை பாத்தோம் சார், நல்லா இருந்திச்சி. அதுக்கப்புறம் பாக்கல. இன்னைக்கு எப்படின்னு எனக்குத் தெரியாது. காய்ச்சிக் குடிங்க."

"தெரியாது என்றால் என்ன அர்த்தம்? நீதானே பொறுப்பு?"

"பொறுப்புன்னாலதான் சார் தெரியாதுங்கேன்."

பாருங்கள், வாய். எனக்கு வந்த கோபத்துக்கு எழுந்து வந்திருப்பேன். அதற்குள் அவளே, "யாருக்கு சார் உடம்பு சரியில்ல?" என்றாள். நான் சொல்லவே இல்லை. தண்ணீரைப் பற்றிக் கேட்க வருகிறவன் வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லாமல்தான் இருக்குமாம். மகள் என்றேன். ஆவரங்குறிச்சி என்றேன்.

"இப்ப சோறு எறங்குதா? ஆவரங்குறிச்சித் தளத்தை நானும் பாத்தேன் சார். ஒரு கட்டம் வெறுமையா இல்ல. பாத்ததும் பயந்துட்டேன்."

பயந்துவிட்டாளாம். நான் முதல் மார்க் போட்ட தளத்தைப் பார்த்து அவள் பயந்திருக்கிறாள்.

அப்புறம் அவளாகவே சொன்னாள். நாளையிலிருந்து அவள் இல்லையாம். கடைசி மார்க் வாங்கினதற்கு விளக்கம் கேட்டுக் கலெக்டர் ஆபீசிலிருந்து கடிதம். ஆளை மாற்றிவிட்டோம் என்று பதில் எழுதப் போகிறார்களாம். இன்று சாயங்காலத்துக்குள் பதில் போக வேண்டும். வருகிற ஆள் கெட்டிக்காரன், கட்டம் எல்லாம் நிரம்பிவிடும். "அவன்கிட்ட வந்து கேளுங்க சார், டக்குனு சொல்லிருவான்" என்று சிரித்தாள். சிரிப்பா அது.

அப்போது உள்ளே இருந்து ஈ.ஓ. வந்தார். செயல் அலுவலர். இசக்கியப்பன் என்று பெயர்ப்பலகையில் இருந்தது. தொப்பையும் துண்டுமாக, நல்ல மனுஷன் மாதிரிதான் இருந்தார். என்னைப் பார்த்துவிட்டு யாருக்கோ சொந்தக்காரர் என்று நினைத்துக்கொண்டாரோ என்னவோ, எனக்கும் சேர்த்து டீ சொன்னார்.

"ஏட்டி, நானும் படிச்சிப் படிச்சிச் சொன்னேன். கட்டத்தை எதையாவது போட்டு ரொப்பித் தொலைன்னு. கேட்டியா?"

"பாக்காததை எப்படி சார் போட? பிள்ளைங்க குடிக்குத தண்ணி."

"பிள்ளைங்க குடிக்குத தண்ணி! ஒன் வீட்டுல ஒன் சம்பளத்தை நம்பி மூணு பேரு இருக்காவ, அதை நெனச்சியா?" என்றார். திரும்பி என்னைப் பார்த்து, "நீங்களே சொல்லுங்க சார். எவனோ ஒரு மகராசன் மார்க் போட்டுருக்கான். பேரு கிடையாது, நம்பர் கிடையாது. சென்னைக்குப் போன் போட்டா ரகசியம்ங்கான். ஊரெல்லாம் வெளிப்படையா இருக்கான்னு பாக்க வந்தவன், தன் மூஞ்சியைத் துணியப் போட்டு மூடிக்கிட்டிருக்கான். இது என்ன நியாயம்?"

"ஏதாவது சட்டம் இருக்கும்" என்றேன்.

"மண்ணாங்கட்டிச் சட்டம். அந்த ஆளு மட்டும் ஆபீசு பூட்டுததுக்குள்ள இந்த வாசல்ல வந்து, 'நான்தான் போட்டேன், சரியாப் பாக்காம போட்டுட்டேன்'னு ஒரு வார்த்தை சொல்லட்டும். அதையே பதிலா எழுதி இந்தப் பிள்ளைய வேலையில வச்சிருவேன். வருவானா? வரமாட்டான். கூறுகெட்ட பய."

ஜெபக்கனி அவரை அதட்டினாள். "விடுங்க சார். யாரோ வயசானவுக, கண்ணு தெரியாதவுகளா இருக்கும்."

டீ வந்தது. குடித்தேன். ஆறிப்போய் இருந்தது. இல்லை, சூடாகத்தான் இருந்தது. என்ன ருசி என்று தெரியவில்லை. வருகிறேன் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். பஸ் நின்றது, ஏறிவிட்டேன். அவ்வளவுதான் கதை.

என்ன முணுமுணுக்கிறீர்கள்? நான் எப்படிச் சொல்ல முடியும்? சொல்லுங்கள். திருத்துகிறவன் எழுதினவன் முன்னால் போய் நிற்கலாமா? இன்றைக்கு இவளுக்குப் போய் நின்றால் நாளைக்கு எல்லா ஊர்க்காரனும் வந்து நிற்பான். மார்க் என்றால் ஒரு மரியாதை வேண்டாமா? போட்டதை மாற்றி எனக்குப் பழக்கம் இல்லை. ஒரு தடவை ஹெட்மாஸ்டர் மகனுக்கே...

இருங்கள், போன்.

சொல்லும்மா. ஆங், பஸ்லதான் இருக்கேன். வீடு நல்லா இருக்கு. தண்ணியா? தெரியாதாம். ஆமா, அப்படியேதான் சொன்னா, தெரியாது, காய்ச்சிக் குடிங்கன்னு. என்னது? அட்வான்ஸ் குடுக்கவா? அதுக்குள்ள என்ன அவசரம் உனக்கு? ம். ம். ஜெபக்கனின்னு பேரு. இல்ல. நாளைலேருந்து இல்ல. ஏன்னா? அது... பகவதி, இங்க சிக்னல் சரியில்ல. கேக்கல. நீ கஞ்சியக் குடி. வைக்கேன்.

சிக்னல் இருந்தது என்கிறீர்களா? இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். உங்களுக்கும் கேட்டதா அவள் பேசியது? அவள் குரல் அப்படி, பக்கத்து சீட்டுக்கே கேட்கும். "நீங்கதான்னு சொன்னீங்களாப்பா?" அது ஒன்றையே கேட்கிறாள். காமாலை இறங்காத உடம்பு, கத்திக் கத்திக் கேட்கிறாள். நான் குடி என்று சொன்னேன், குடித்தாள். அதைப் பற்றி இந்த நிமிஷம் வரை ஒரு வார்த்தை என்னைக் கேட்டதில்லை. இதை மட்டும் விடமாட்டேன் என்கிறாள்.

மணி என்ன? ஆபீஸ் எத்தனைக்குப் பூட்டுவார்கள்? ஐந்தே முக்காலா? வெள்ளிக்கிழமையில் அதற்கு முன்னாலேயே கிளம்பிவிடுவானா? இன்றைக்கு வியாழன்தானே? சரி, சரி. எனக்கென்ன. தெரிந்துகொள்ளக் கேட்டேன். நீங்கள் உங்கள் மிக்ஸியைப் பாருங்கள், உருண்டு போகிறது.

இது எந்த ஊர்? ரோடு பிரிகிற விலக்கா? இங்கே நிறுத்துவானா?

கண்டக்டர்! நிறுத்தச் சொல்லுப்பா. விசிலடி. ஆமாம், ஆவரங்குறிச்சிக்குத்தான் டிக்கெட் எடுத்தேன், இப்போது இங்கே இறங்குகிறேன், உனக்கு என்ன நஷ்டம்? மீதிக் காசு ஒன்றும் வேண்டாம். பெருசு என்று கூப்பிடாதே, நான் வாத்தியார்.

காலை எடுங்கள். வழி விடுங்கள். ஒன்றும் இல்லை ஐயா, அந்த ஆபீசில் குடையை மறந்து வைத்துவிட்டேன், எடுக்கப் போகிறேன். என்ன சிரிக்கிறீர்கள்? கையில் இருப்பதா? இது வேறு குடை.

எதிரே வருவது பனையடிப்புதூர் வண்டிதானே? ஜன்னல் பக்கம்தானே இருக்கிறீர்கள், கையை நீட்டி அவனை நிற்கச் சொல்லுங்கள். சத்தமாகச் சொல்லுங்கள் ஐயா, போய்விடப் போகிறான்!